முனையில் விழுந்த காயம்

ஒருவரிடம் சாமான் வாங்கி, இன்னொருவரிடம் கொடுத்து மாட்டச் சொல்லி, வண்டி ஓடாமல் நின்றுவிட்டால் யார் மேல் வழக்குப் போடுவது? சாமான் விற்றவர், மாட்டியவன் கெடுத்துவிட்டான் என்பார். மாட்டியவர், சாமானே கோளாறு என்பார். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே நம்பும்படி இருக்கும். நான் நடத்திய நுகர்வோர் வழக்குகளில் இந்தச் சிக்கல் மிச்சமில்லாமல் அவிழ்ந்தது மண் அள்ளும் ஒரு பழைய பேக்ஹோ வண்டியின் வழக்கில்தான். அவிழ்த்தவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு மேஸ்திரி. அவரைச் சட்டம் நிபுணராக ஏற்குமா என்பதே போகப் போக வழக்கின் மையமாகிவிட்டது.

என் கட்சிக்காரர் கொங்குப் பகுதிக்காரர். இரண்டாம் கையாக வாங்கிய வண்டியைத் தானே ஓட்டிப் பிழைத்தவர். வாய்க்கால் தூர்வாருவது, அஸ்திவாரக் குழி எடுப்பது, தோட்டத்தில் மண் நிரவுவது என்று மணிக்கணக்கு வாடகைக்குப் போவார். உதவிக்கு ஒரு பையன். வண்டியின் மேல் நிதி நிறுவனக் கடன், அதன் தவணைக்காக வீட்டில் நகைக்கடன். வண்டியைத் தயாரித்த கம்பெனி மேல் புகார் எதுவும் இல்லாததால் அதன் பெயர் இங்கே தேவைப்படாது. கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் தேய்ந்து, மண்மேட்டில் முட்டினால் வண்டி தள்ளாமல் நின்றது. மாற்றியாக வேண்டும் என்றார்கள். உதிரிபாகக் கடையில் பழையதைக் கொடுத்து, விலையில் கழித்துக்கொண்டு, வேறொன்று வாங்கினார். பட்டறை ஒன்றில் கூலி பேசி மாட்டக் கொடுத்தார்.

மாட்டி முடித்து எடுத்த அன்றே, கன்வெர்ட்டரை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். புதுசு, ஓட ஓட அடங்கிவிடும் என்று பட்டறையில் சொல்லி அனுப்பினார்கள். ஊர் போய்ச் சேருவதற்குள் முன்னேயும் நகரவில்லை, பின்னேயும் நகரவில்லை. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டு நின்றது. கட்டி இழுத்து வந்து தன் கொட்டகையில் நிறுத்தினார். கொண்டு வாருங்கள், பிரித்துப் பார்க்கிறோம் என்று பட்டறையிலிருந்து போன் வந்தது. அவர் என்னிடம் வந்தார். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள், யாரையும் கழற்ற விடாதீர்கள் என்றேன். இந்த வழக்கில் நான் சொன்ன மிக முக்கியமான வார்த்தை அதுதான். அதன் விலையையும் அவரேதான் கொடுத்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர், பட்டறைக்காரர் இருவர் மேலும் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தோம். அப்போது நடப்பில் இருந்தது 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது அதில் முதலிலிருந்தே இருந்தது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவரும் ஆகமாட்டார் என்பது 2002-இல் திருத்தப்பட்டு 2003 மார்ச் 15 முதல் அமலுக்கு வந்தது. எதிர்தரப்பு இரண்டு பேருமே எடுத்த முதல் ஆட்சேபம் இதுதான்: மண்வெட்டும் வண்டி வியாபாரச் சாதனம், ஆகவே இவர் நுகர்வோர் இல்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே பெற்றிருந்தால் அது வணிக நோக்கம் ஆகாது என்ற விளக்கமும் அதே பிரிவில் இருந்தது. லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது. கோவையில் செய்த கடைசல் இயந்திரம் ஒன்றைப் பற்றிய வழக்கு அது. வாங்கியவர் அதில் தோற்றார். ஆனாலும் அந்தத் தீர்ப்பு வகுத்த அளவுகோல் எளிய தொழிலாளிக்குத் துணையானது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர்தான், இயந்திரத்தை இயக்க ஓரிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்கிறது. ஓட்டுநர் உரிமம், கடன் பாஸ்புத்தகம், அவரே கையெழுத்திட்டு எழுதிய வேலைக் குறிப்பு நோட்டு, மூன்றையும் சான்றாவணமாகச் சேர்த்தேன். இந்த ஆட்சேபம் அத்தோடு படுத்துவிட்டது.

தீராமல் கிடந்தது உண்மையான கேள்வி. தப்பு பொருளிலா, கையிலா?

எனக்கு முதலில் அந்தக் கன்வெர்ட்டர் என்ன செய்கிறது என்று புரிய வேண்டியிருந்தது. அதற்காகத் தேடிப் போனவர்தான் மேஸ்திரி. மண் அள்ளும் வண்டிகளின் கியர்பாக்ஸில் ஆயுளைக் கழித்தவர். “ரெண்டு பேனை எதிரெதிரா வெச்சு, ஒண்ணுக்கு மட்டும் கரண்ட் குடுத்தா அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்துமில்லீங்களா வக்கீலய்யா, அதுதானுங்க. இங்க காத்துக்குப் பதிலா ஆயிலு” என்றார். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் இறக்கைச் சக்கரம் எண்ணெயை வீசுகிறது. கியர்பாக்ஸ் தண்டோடு சேர்ந்த சக்கரம் அதை வாங்கிச் சுற்றுகிறது. நடுவில் இருக்கும் மூன்றாவது சக்கரம் திரும்பி வரும் எண்ணெயைத் திசை மாற்றி அனுப்பி, திருகு பலத்தைப் பெருக்குகிறது. வண்டி மண்மேட்டில் முட்டிச் சக்கரம் அசையாமல் நின்றாலும் எஞ்சின் அணைந்துபோகாமல் தள்ளிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

வழக்குக்கு வேண்டியது இதற்கு அடுத்ததாக அவர் சொன்னதுதான். கன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு கழுத்து இருக்கிறது. அதன் முனையில் இரண்டு காடிகள். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் எண்ணெய் பம்பின் பல்சக்கரத்தில் இரண்டு நாக்குகள். நாக்கு காடிக்குள் உட்கார்ந்தால்தான் எஞ்சின் சுற்றும்போது பம்பு சுற்றும். முன்னே போகும் கிளட்சையும் பின்னே போகும் கிளட்சையும் இறுக்கிப் பிடிப்பது அந்தப் பம்பு தரும் அழுத்தம். பம்பு போனால் இரண்டு பக்கமும் போயிற்று.

கன்வெர்ட்டரைக் கியர்பாக்ஸில் மாட்டும்போது அது ஒரே தள்ளலில் உட்காராது. நடுச்சக்கரத்தின் பற்கள் ஒரு குழாய்த் தண்டில் கோக்க வேண்டும், அது ஒரு இறக்கம். அடுத்து உள்தண்டின் பற்கள், அது இரண்டாவது. கடைசியாகக் காடியும் நாக்கும். கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே அழுத்தினால் ஒவ்வொன்றாக விழும். முதல் இரண்டும் விழுந்ததுமே உட்கார்ந்துவிட்டது போலத் தோன்றும். அவசரக்காரர்கள் ஏமாறுவது அங்கேதான். அப்போது கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தைவிட விரல் தடிமன் முன்னால் துருத்தி நிற்கும். அப்படியே தூக்கி எஞ்சினோடு சேர்த்தால் பெல் ஹவுசிங் விளிம்பு எஞ்சின் விளிம்போடு ஒட்டாது. சந்து தெரியும். “அந்தச் சந்தைப் பார்த்ததும் கீழ எறக்கோணும். போல்ட்டுப் போட்டு இழுத்தா முடிஞ்சுதுங்க” என்றார் மேஸ்திரி.

இதையெல்லாம் மன்றத்தில் வந்து சொல்வீர்களா என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. அந்தப் பட்டறைக்காரர் அவருக்குத் தெரிந்தவர். ஒரே தொழில், ஒரே ரோடு. ஒருவர் செய்த வேலையைக் குறை சொல்லி இன்னொருவர் கூண்டேறினால் நாளைக்கு யாரும் அவரிடம் வேலை கொடுத்து அனுப்பமாட்டார்கள். நான் வற்புறுத்தவில்லை. சில நாள் கழித்து அவரே வந்தார். “நான் யாருக்கும் எதிராச் சொல்லமாட்டனுங்க. பிரிச்சுப் பார்த்து, இருக்கறத இருக்கற மாதிரி சொல்றேன். சாமான் தப்புன்னாலும் சொல்லிப்புடுவேன், அதுக்குச் சம்மதமுங்களா?” என்றார். நிபுணர் சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று சட்டப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். சம்மதம் என்றேன்.

பட்டறைத் தரப்பு அடுத்து எடுத்தது, இது நுணுக்கமான தொழில்நுட்பக் கேள்வி, சுருக்க விசாரணையில் தீராது, சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும் என்ற வாதம். டாக்டர் ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருந்தது: சிக்கலான விஷயம் என்பதற்காக மட்டும் நுகர்வோரைத் துரத்திவிட வேண்டியதில்லை, குறுக்கு விசாரணை தேவையென்றால் கமிஷனர் வைத்து நடத்தலாம். அந்தத் தீர்ப்பைக் காட்டி ஒரு மனு போட்டேன். அட்வகேட் கமிஷனர் ஒருவரை நியமிக்க வேண்டும், இரு தரப்பும் இருக்கும்போது வண்டி பிரிக்கப்பட வேண்டும், சாட்சியின் குறுக்கு விசாரணையும் அங்கேயே நடக்க வேண்டும் என்று கேட்டேன். பல வாய்தாவுக்குப் பிறகு மனு அனுமதிக்கப்பட்டது.

கமிஷனராக வந்தவர் ஒரு இளம் பெண் வழக்கறிஞர். கொட்டகையில் அவர், நாங்கள், எதிர்தரப்பு வழக்கறிஞர்கள் இருவர், பட்டறைக்காரர், கடைக்காரர் எல்லோரும் இருந்தோம். எதையும் தொடுமுன் வண்டியின் நாலு பக்கமும் படம் எடுக்கப்பட்டது. பெல் ஹவுசிங் போல்ட் ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸால் எண் போட்டார் மேஸ்திரி. எண்ணெயை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றினார். துணியில் சாம்பல் நிறப் பொடி மின்னியது. பட்டறைக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார்.

செயின் பிளாக் போட்டு கியர்பாக்ஸைப் பிரித்ததும் மேஸ்திரி முதலில் பார்த்தது கன்வெர்ட்டரை இல்லை. விளிம்பைப் பார்த்தார். எஞ்சினையும் ஹவுசிங்கையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதற்கு இரண்டு டவல் பின்கள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. மற்றதன் துளையில் பழைய அழுக்கு இறுகிக் கிடந்ததால், அது நேற்று இன்று விழுந்ததில்லை என்று அவரே சொன்னார். எங்களுக்குப் பாதகமான அந்த வாக்கியத்தையும் கமிஷனர் எழுதிக்கொண்டார். ஃப்ளைவீலோடு கன்வெர்ட்டரை இணைக்கும் மெல்லிய தகடு ஒரு பக்கம் உள்வாங்கி வளைந்திருந்தது. போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல்.

பிறகு கன்வெர்ட்டரை உருவி, கழுத்து மேலே தெரியும்படி மரக்கட்டையில் வைத்தார். துணியால் துடைத்தார். எங்கள் எல்லோரையும் கிட்ட வரச் சொன்னார்.

கழுத்தின் முனை நசுங்கியிருந்தது. உரசிய வெப்பத்தில் நீலம் பாய்ந்திருந்தது. ஆனால் காடிகளின் உட்பக்கச் சுவர்களில் கடைசல் பட்டறையில் வெட்டிய மெல்லிய கோடுகள் அப்படியே இருந்தன. பம்பின் பல்சக்கரத்தை எடுத்தார். அதன் நாக்குகள் நுனியிலிருந்து தேய்ந்து பாதியாகியிருந்தன. அடிப்பாகம் புதுசு போல இருந்தது.

“நாக்கு காடிக்குள்ள போயிருந்தா தேய்மானம் சொவத்துலதானுங்க இருக்கும். இங்க சொவத்துல ஒண்ணுமில்ல. முனையும் முனையும் முட்டிக்கிட்டு, அந்த உரசல்லயே பம்பு சுத்தியிருக்கு. நாக்கு தேயற வரைக்கும் வண்டி வந்துச்சு. தேஞ்சதும் நின்னுபோச்சு” என்றார். கீச்சென்ற சத்தம், வழியில் நின்றது, இரண்டு பக்கமும் நகராதது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே இடத்தில் காரணம் இருந்தது. சாட்சிகளைக் கேட்டே பழகிய எனக்கு, இவ்வளவு தெளிவாக ஒரு பொருள் பேசியதைப் பார்த்த நாள் அது.

பட்டறைத் தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர். உடனே எழுந்து, கழுத்து நீளம் குறைவாகச் செய்த கன்வெர்ட்டராக இருந்தாலும் காடி நாக்கை எட்டாமல் முனை முட்டத்தானே செய்யும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பழைய கன்வெர்ட்டரோ விலையில் கழித்து எங்கேயோ போய்விட்டது, ஒப்பிட வழியில்லை. மேஸ்திரி இதற்குத் தயாராகவே வந்திருந்தார். அதே பாக எண் கொண்ட வேறொரு கன்வெர்ட்டரையும், புதுப் பல்சக்கரம் ஒன்றையும் என் கட்சிக்காரரை வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார். இரண்டு கன்வெர்ட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்தார். நசுங்கிய முனையிலிருந்து அளக்கவில்லை, அது தேய்ந்துபோன இடம். காயம் படாத காடியின் அடித்தளத்திலிருந்து, போல்ட் உட்காரும் மேடை வரைக்கும் அளந்தார். இரண்டும் ஒன்று.

அதோடு விடவில்லை. கியர்பாக்ஸை வாய் மேலே பார்க்க நிறுத்தி, புதுப் பல்சக்கரத்தை உள்ளே போட்டார். நசுங்கிய முனையின் பிசிறை இரு தரப்பின் சம்மதத்தோடு எண்ணெய்க்கல்லால் தேய்த்து எடுத்தார். அதே கன்வெர்ட்டரை இறக்கினார். “நீங்களே சுத்திப் பாருங்கம்மா” என்று கமிஷனரிடம் விட்டார். அவர் தயங்காமல் கை வைத்துச் சுற்றினார். ஒன்று விழுந்தது. கொஞ்சம் சுற்ற, இரண்டாவது. மேஸ்திரி நிறுத்தச் சொல்லி, ஹவுசிங் வாயில் இரும்புப் பட்டியைக் குறுக்கே வைத்து அடிக்கோலால் ஆழத்தை அளந்து காட்டினார். கமிஷனர் எழுதினார். மறுபடி சுற்ற, மூன்றாவது இறக்கம் எல்லோர் காதிலும் விழுந்தது. மறுபடி அளவு. இரண்டு அளவுக்கும் இருந்த வித்தியாசம்தான் பட்டறையில் போல்ட் போட்டு இழுத்து மூடிய சந்து. கடைக்காரர் விற்ற பொருளில் குறை இல்லை.

குறுக்கு விசாரணை அங்கேயே நடந்தது. என்ன படித்திருக்கிறீர்கள்? எட்டாவது. ஐ.டி.ஐ. சான்றிதழ்? இல்லை. கம்பெனி கொடுத்த பயிற்சி? இல்லை. டார்க் என்றால் என்ன? “திருகற பலமுங்க.” அதை எந்த அலகில் அளப்பார்கள்? “ஸ்பேனர்ல கிலோ மீட்டர்னு போட்டிருக்குமுங்க, நியூட்டன் மீட்டரும் போட்டிருக்கும்.” சரியான முறை என்று நீங்கள் சொல்வதற்கு என்ன ஆதாரம்? சர்வீஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினார். ஆங்கிலம் அவருக்கு வாசிக்க வராது. படங்களைக் காட்டினார். தலையை வெட்டிய நீள போல்ட் இரண்டை வழிகாட்டியாகப் போட்டு கியர்பாக்ஸை நேராக நகர்த்திச் சேர்ப்பதும், சேர்ந்த பிறகு கன்வெர்ட்டர் கையால் சுற்றும்படி தளர்வாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் சொன்னபடியே அதில் இருந்தன.

பட்டறைத் தரப்பு ஒரு பட்டயப் பொறியாளரின் சான்றைத் தாக்கல் செய்தது. கன்வெர்ட்டரில் உற்பத்திக் குறை இருக்க வாய்ப்புண்டு என்றது அது. அவர் வண்டியைப் பார்க்கவில்லை, படங்களைப் பார்த்திருந்தார். படித்தவர் சொல்வதா, படிக்காதவர் சொல்வதா என்பதாகவே இறுதி வாதத்தை அவர்கள் அமைத்தார்கள்.

இந்த இடத்தில் எனக்குக் கோபமே வந்தது. அன்று நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு தனித் திறன் பெற்றவரைத்தான் நிபுணர் என்றது. பட்டத்தைக் கேட்கவில்லை. 1999-இல் ஹிமாசலப் பிரதேச அரசு எதிர் ஜெய் லால் என்ற ஆப்பிள் விளைச்சல் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனிப் படிப்போ தனி அனுபவமோ இருப்பதைக் காட்ட வேண்டும் என்றது. அந்த வழக்கில் பதவியில் இருந்த அதிகாரியின் கருத்தே அந்தத் தகுதி நிரூபிக்கப்படாததால் ஏற்கப்படவில்லை. படிப்பு ஒரு வழி, அனுபவம் இன்னொரு வழி. அனுபவ வழியில் வந்தவர் தன் முடிவைச் சொன்னதோடு நிற்காமல், அந்த முடிவுக்கு வந்த ஒவ்வொரு படியையும் எதிராளியின் கண் முன்னால் செய்து காட்டியிருக்கிறார். கமிஷனரின் கையே அதைச் சரிபார்த்திருக்கிறது. இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும் என்று வாதாடினேன். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-ஆவது பிரிவு, அறிவியல், கலை என்பவற்றோடு ‘வேறு எந்தத் துறையும்’ என்று சேர்த்திருக்கிறது. பட்டறைத் தொழிலாளியைச் சாட்சியாக அழைக்கும் வழக்கறிஞருக்கு அன்றைக்கு இருந்த தயக்கம் இனி வேண்டியதில்லை.

உதிரிபாகக் கடைக்காரர் மேல் கேட்ட பரிகாரத்தைக் கமிஷனர் அறிக்கை வந்ததுமே மெமோ போட்டு விலக்கிக்கொண்டோம். அவர் குற்றமற்றவர் என்று தெரிந்த பிறகு ஒரு வாய்தாவுக்குக்கூட அவரை அலைக்கழிப்பது முறையில்லை. பட்டறைக்காரர் மேல் மன்றம் சேவைக் குறைபாடு கண்டது. ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் கவனிப்பது போலக் கவனிக்க வேண்டும் என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவையும் எடுத்துக்காட்டியது. மேஸ்திரியின் சாட்சியம் முழுமையாக ஏற்கப்பட்டது. டவல் பின் பற்றி அவர் எங்களுக்குப் பாதகமாகச் சொன்னதையே அவர் நம்பகத்தன்மைக்குக் காரணமாக உத்தரவில் எழுதியிருந்தார்கள். கன்வெர்ட்டர், பம்பு, கிளட்ச் தட்டுகள், தகடு ஆகியவற்றின் விலை, கொடுத்த கூலி, வழக்குச் செலவு எல்லாம் கிடைத்தன.

வருமான இழப்பு மட்டும் முழுதாகக் கிடைக்கவில்லை. வண்டி கொட்டகையில் நின்ற காலம் முழுவதற்கும் கேட்டிருந்தேன். உடனே வேறு இடத்தில் பழுது பார்த்து இழப்பைக் குறைத்திருக்கலாமே என்று சொல்லி, சிறு காலத்துக்கு மட்டும் கொடுத்தார்கள். ஒப்பந்தச் சட்டம் 73-ஆவது பிரிவின் விளக்கம் அப்படிப் பார்க்க இடம் தருவது உண்மை. ஆனால் அவர் பழுது பார்த்திருந்தால் முனையில் இருந்த காயம் என்றைக்கோ காயலான் கடைக்குப் போயிருக்கும். சாட்சியத்தைக் காப்பதற்காகத்தான் அவர் வண்டியைப் பூட்டி வைத்து, பிறர் வண்டியில் கூலிக்கு ஓட்டி, தவணை கட்டினார். பட்டறைக்காரர் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனார். நாங்களும் இந்த ஒரு விஷயத்துக்காக எதிர் மேல்முறையீடு போட்டோம். இரண்டும் தள்ளுபடியாயின. மாவட்ட மன்றம் கொடுத்ததே நிலைத்தது. அந்தத் தீர்ப்பின் இந்தப் பகுதி தவறு என்றே நான் இன்றும் நினைக்கிறேன். பிரிக்காமல் வை என்று கட்சிக்காரரிடம் சொல்லும் வழக்குகளில் இப்போதெல்லாம் புகாரோடு சேர்த்தே, அதே நாளில், கமிஷனர் மனுவையும் தாக்கல் செய்துவிடுகிறேன். வண்டி நிற்கும் ஒவ்வொரு வாரமும் யாரால் நிற்கிறது என்பது தினசரிக் குறிப்பில் பதிவாகிவிடுகிறது.